ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கிருஷ்ண ஜெயந்தி அன்று அம்மா அரிசி மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு, வாசற்படியிலிருந்து பூஜை அறை வரை குட்டிப் பாதங்கள் பதித்துக்கொண்டே போவாள். கையை முஷ்டியாக மடக்கி, மாவில் தோய்த்து, பக்கவாட்டில் தரையில் ஒற்றினால் பாதம். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் விரல்கள். 1983இல் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலையும் பாதம் பதிப்பதுதான். பாதம் எலியுடையது. மாவுக்குப் பதில் மை.

தச்சரிடம் சொல்லி ஒரு எலி மட்டும் போகிற அகலத்தில் நீளமாக ஒரு மரப்பாதை செய்து வைத்திருந்தோம். தரையில் கணக்குப் பொறிக்குப் போடும் காகிதச் சுருளை விரிப்போம். மறுமுனையில் இருட்டான ஒரு பெட்டி. எலிக்கு இருட்டு பிடிக்கும், நேரே அங்கே ஓடும். பின்னங்கால் இரண்டிலும் மை தடவி விட்டால் காகிதம் முழுக்கத் தடம் விழும். நல்ல காலின் தடத்தில் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், குதிகால் படாது, தடம் குட்டையாக இருக்கும். நரம்பு அடிபட்ட காலில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குதிகாலும் தரையில் இழுபடும், தடம் நீண்டுவிடும். அளவுகோல் வைத்து நீளத்தையும் விரல்களின் விரிவையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போடுவோம். அந்த முறையே 1982இல்தான் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கட்டுரையில் வெளியாகியிருந்தது.

நரம்பை நசுக்க வேண்டிய இடுக்கியை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய இடுக்கி அது. எலியை ஈதர் பஞ்சு போட்ட கண்ணாடி ஜாடியில் மயங்க வைத்து, தொடையைத் திறந்தால், சயாட்டிக் நரம்பு தேங்காய் நார் பருமனில் வெள்ளையாக, பளபளப்பாகத் தெரியும். இடுக்கியால் பிடித்து அழுத்தி எடுத்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். உறை அப்படியே இருக்கும், உள்ளே இழைகள் அத்தனையும் அறுந்திருக்கும். மறுநாள் எலி அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடக்கும். ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும், தடம் மாறாது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு காலையில் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் விரல்கள் விரிந்திருக்கும். அந்தக் காகிதத்தை முதன்முதலில் கையில் எடுத்த காலை எனக்கு இன்றும் மறக்கவில்லை. மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் எல்லோரிடமும் காட்டினேன். யாரும் தைக்காமல், எந்த மருந்தும் கொடுக்காமல், ஒரு நரம்பு தானே வழி தேடித் தன் தசைக்குத் திரும்பியிருந்தது.

இந்தத் துறைக்குள் என்னை இழுத்து வந்தது ஒரு பழைய கதை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் மானிடவியல் படித்தவர்கள் அறிவார்கள். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி அவர்களைப் பற்றி எழுதியவர். அவர் ஊருக்குத் திரும்பிய அடுத்த ஆண்டு, 1903இல், ஹென்றி ஹெட் என்ற லண்டன் மருத்துவர் தன் இடது முன்கையின் தோல் நரம்பைத் தானே அறுக்கச் சொல்லி, திரும்பத் தைத்துக்கொண்டார். நோயாளிகள் தங்கள் உணர்வைத் துல்லியமாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், நானே சொல்கிறேன் என்பது அவர் எண்ணம். கேம்பிரிட்ஜில் ரிவர்ஸின் அறையில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ரிவர்ஸ் பஞ்சாலும் ஊசியாலும் சூடான, குளிர்ந்த குழாய்களாலும் அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுக் கேட்பார். நான்கு ஆண்டுக்கும் மேலாக இது நடந்தது. 1908இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த முடிவுகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் உணர்வு திரும்ப எத்தனை காலம் ஆகிறது, எவ்வளவு அரைகுறையாகத் திரும்புகிறது என்று ஒரு மனிதன் தன் உடம்பை வைத்தே காட்டியது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அப்போது பாடப்புத்தகம் இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொன்னது. ஒன்று, கை கால் நரம்புகள் வளரும், மூளையும் தண்டுவடமும் வளராது. இந்தத் தீர்ப்பை எழுதியவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். நரம்பிழையின் வளரும் நுனியை 1890இல் முதலில் கண்டு சொன்னவரும் அவர்தான். இரண்டு, அறுந்த நரம்பின் தொலைவுப் பகுதி சாவதற்குக் காரணம் பட்டினி. மரத்திலிருந்து வெட்டிய கிளை வாடுகிற மாதிரி, செல்லின் உடலிலிருந்து ஊட்டம் வராததால் வாடுகிறது என்றார்கள். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்து, அவை உடைந்து சிதைவதைக் கண்ட நாளிலிருந்து அதுதான் விளக்கம்.

இரண்டுமே என் காலத்தில் ஆட்டம் கண்டன. 1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் மூளைத் தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே கால் நரம்புத் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தார்கள். வளரவே வளராது என்று சொல்லப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 30 மில்லிமீட்டர் வளர்ந்தன. அந்தக் கட்டுரை எங்கள் கைக்குக் கப்பலில் வந்த இதழாக, பல மாதம் கழித்துத்தான் வந்தது. அப்போதெல்லாம் பிரதி வேண்டுமென்றால் ஆசிரியருக்குத் தபால் அட்டை எழுதிப் போட்டுக் காத்திருப்போம். எங்கள் வழிகாட்டி அதை உரக்க வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். குறை இழையில் இல்லை, அது வளர வேண்டிய மண்ணில் இருக்கிறது என்று அன்று எங்களுக்குப் புரிந்தது.

பட்டினிக் கதை உடைய இன்னும் எட்டு ஆண்டு ஆனது. 1989இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வகைச் சுண்டெலியில், அறுந்த நரம்பு இரண்டு மூன்று நாளில் சிதையாமல் இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு கிடந்ததைத் தற்செயலாகக் கண்டார்கள். பட்டினியால் சாவதென்றால் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி சாக வேண்டும். ஆக, இழைக்குள்ளேயே தன்னை அழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2012இல் அதன் முக்கியமான பொறுப்பாளியாக சார்ம்1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். கீமோதெரபியால் வரும் நரம்புக் கோளாறுக்கு அதைத் தடுக்கும் மருந்து தேடுவது இன்று ஒரு பெரிய வேலையாக நடக்கிறது. அந்தச் சுண்டெலியின் நரம்பு சிதையத் தாமதித்ததைப் போலவே மீண்டும் வளரவும் தாமதித்தது. பழைய குப்பை அகன்றால்தான் புது இழைக்கு வழி கிடைக்கும்.

இதையெல்லாம் பெருமையோடுதான் சொல்கிறேன். என் துறை என் கண் முன்னால் வளர்ந்தது. ஆனால் இதே காலத்தில் என் வீட்டில் நடந்ததை எழுதாமல் இதை முடிக்க முடியாது.

1984 ஆடி மாதம். என் சித்தி மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து சிநேகிதனோடு ராஜ்தூத்தில் குற்றாலத்துக்கு, சாரலில் குளிக்கப் போனான். கடையம் தாண்டி ஈர ரோட்டில் வண்டி சறுக்கியது. தோள் தரையில் மோத, தலை எதிர்ப்பக்கம் இழுபட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள நரம்புக் கற்றையை இழுத்துப் பிய்ப்பதற்கு இதைவிடச் சரியான கோணம் கிடையாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு சேர்ந்தது. கட்டுப் பிரித்தபின் இடது கை தொங்கியது. விரல்கள் நன்றாக மடங்கின, பேனா பிடிக்கும், சாவி திருகும். ஆனால் தோள் தூக்கவில்லை, முழங்கை மடங்கவில்லை. கை வேலை செய்தது, அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோகத்தான் வழியில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எக்கா, நீ இதத்தான படிக்க? எனக்குக் கை வருமா?"

"வரும் தம்பி. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். பொறுமையா இரு."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சித்தி உள்ளேயிருந்து, "படிச்ச புள்ள சொல்லுதா, கேளு" என்றாள்.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1915இல், டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த சோதனை ஒன்று உண்டு. நரம்பின் போக்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தால், வளரும் நுனி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் மின்சாரம் பாய்ந்த மாதிரிச் சுரீரென்று கீழே இறங்கும். மாதாமாதம் அந்த இடம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று பொருள். கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு விரல்கடையில் தட்டினேன். "ஸ்ஸ், கட்டைவிரல் வரைக்கும் போகுதுக்கா" என்றான். நீலப் பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைத்தேன். என் டைரியிலும் அளவைக் குறித்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் போனேன். தட்டினேன். அதே இடம். சித்திரைக்குப் போனேன். அதே இடம். மூன்றாவது முறை பேனாவைத் திறக்கும்போது என் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் தாமதம் இருக்கும், கழுத்து சிக்கலான இடம் என்று அவனுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னேன்.

நான் அறியாதது என்று எதுவும் இல்லை அதில். 1943இலேயே இங்கிலாந்தில் ஹெர்பர்ட் செட்டன் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். முதல் வகையில் நரம்பு அறுவதில்லை, வேலை மட்டும் நின்றுபோகும், சில வாரத்தில் சரியாகும். இரண்டாவதில் உள்ளே இழைகள் அறுந்திருக்கும், குழாய் அப்படியே இருக்கும், தானே வளர்ந்துவிடும். மூன்றாவதில் எல்லாமே அறுந்து, இரண்டு முனையும் விலகிக் கிடக்கும். அங்கே புது இழைகள் எங்கே போவதென்று தெரியாமல் முண்டு கட்டி நின்றுவிடும். அறுவை செய்து இணைத்தால் ஒழிய வளராது. முதல் சில வாரங்களில் வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி தொங்கும் கைதான். நான் தினமும் செய்தது இரண்டாவது வகை. இடுக்கியால் நசுக்கிய நரம்பு. என் தம்பியுடையது மூன்றாவது. நகராத அந்த நீலப் புள்ளி அதைத்தான் இரண்டு முறையும் சொன்னது.

1985 ஐப்பசியில் சென்னைக்கு அழைத்துவந்து கை அறுவை நிபுணர் ஒருவரிடம் காட்டினேன். பதினைந்து மாதம் ஆகிவிட்டிருந்தது. அவர் புஜத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், தசையில் மின்னூசி வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. "ஆறு மாசத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா வேற இடத்துலேர்ந்து நரம்பு எடுத்து ஒட்டிப் பாத்திருக்கலாம்மா" என்றார், குரலை உயர்த்தாமல். வேறு தசையை இடம் மாற்றி வைத்து ஓரளவு மடக்கலாம் என்று சொன்னார். தம்பிக்கு மறுபடி மருத்துவமனையில் கிடக்க மனம் வரவில்லை, ஊருக்குப் போய்விட்டான். ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி எழுபதுகளிலேயே கை அறுவைக்கென்று தனிப் பிரிவை வளர்த்திருந்தார். வேலூரில் பால் பிராண்ட் அதற்கும் முன்பே தொழுநோயில் நரம்பு செத்த கைகளுக்குத் தசைநாண் மாற்றி உயிர் கொடுத்திருந்தார். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். இதெல்லாம் எனக்குத் தெரியும், புத்தக அலமாரியில் இருந்தது. நான் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்திலும் இருந்தது.

கணக்கு எளிதானது. கழுத்தின் அடியிலிருந்து புஜத்துத் தசைக்கு 25 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 250 நாள். விரல்களின் சிறு தசைகளுக்கு 70 சென்டிமீட்டர், 700 நாள். நரம்பு வராத தசை ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் மெல்ல மெல்லக் கொழுப்பும் நாருமாக மாறிவிடுகிறது. அதன்பின் நரம்பு வந்தாலும் இயக்குவதற்கு ஆள் இல்லை. எலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் நரம்பு நம்முடையதைவிட வேகமாக வளரும், தொடையிலிருந்து பாதத்துக்குத் தூரமும் சில சென்டிமீட்டர்தான். தசை வாடுவதற்குள் இழை வந்து சேர்ந்துவிடும். நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த விலங்கில் மனிதனைக் கெடுக்கிற அந்த ஒரு விஷயம், காலம், இல்லவே இல்லை.

எண்ணிக்கையும் அப்படித்தான் எங்களை ஏமாற்றியது. ஆஸ்மியம் போட்டு நிறமேற்றிய நரம்பைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மயலின் உறை கரிய வளையமாகத் தெரியும், பாசிமணியைக் கொட்டி வைத்த மாதிரி. எலியின் சயாட்டிக் நரம்பில் அப்படி ஏழாயிரத்துக்கு மேல். கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவேன், இரவில் கண்ணை மூடினாலும் வளையங்கள் தெரியும். அறுத்துத் தைத்த நரம்பில் சில மாதம் கழித்து எண்ணினால் பழையதைவிட அதிகமாகவே இருக்கும். முழு வெற்றி என்று எழுதினோம். ஆனால் மரப்பாதையில் விட்டால் அந்த எலியின் தடம் கடைசிவரை நேராகவில்லை. ஓர் இழை பல கிளைகளாகப் பிரிந்து வளர்வதால் எண்ணிக்கை கூடியிருந்தது. கிளைகள் தசைக்குப் போக வேண்டியவை தோலுக்கும், தோலுக்குப் போக வேண்டியவை தசைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. காகிதத்தில் இருந்த அந்த நீண்ட தடம்தான் உண்மை. அதற்கு நான் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுக்கச் சில ஆண்டுகள் ஆயின.

தம்பி ஊருக்குப் போன பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். நரம்பு எப்படி வளர்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு தாமதித்தால் வளர முடியாமல் போகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். கிடைத்த பணத்துக்கு மெதுவாகத்தான் நடந்தது. எலியை ஆறு மாதம் வைத்திருந்து பிறகு அறுவை செய்வதென்றால் தீனிச் செலவே தாங்காது. 1995இல் கனடாவில் டெஸ்ஸா கார்டனும் சூசன் ஃபூவும் இதைத் துல்லியமாகச் செய்து காட்டினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நரம்பில்லாமல் விட்ட தசைக்குப் புதிதாக நரம்பைத் தைத்தால், அதை மீண்டும் இயக்க வந்த இழைகள் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தசை மட்டும் குற்றவாளி இல்லை. அறுந்த குழாயில் காத்திருந்து வழிகாட்டும் ஷ்வான் செல்கள் மாதங்கள் போகப் போக அந்த வேலையை மறந்துவிடுகின்றன. லண்டனில் ஜெசனும் மிர்ஸ்கியும் அந்தச் செல்கள் காயத்துக்குப் பின் பழுது பார்க்கும் செல்களாகவே உருமாறுவதையும், அதற்குள் இருக்கும் மூலக்கூறுச் சாவியையும் விளக்கினார்கள். 2000இல் கார்டனின் குழுவினர், தைத்த நரம்புக்கு ஒரே ஒரு மணி நேரம் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தாலே இழைகள் விரைவாக வெட்டுவாயைத் தாண்டுவதைக் கண்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

ஆய்வகம் இன்று வேறு உலகம். நான் 2016இல் ஓய்வு பெற்றேன். போன மாதம் பழைய மாணவி ஒருத்தி தன் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். ஈதர் ஜாடி இல்லை, விலங்குகளுக்கு ஒழுங்கான மயக்க மருந்தும் வலி மருந்தும் உண்டு, ஒவ்வொரு சோதனைக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். மையும் காகிதச் சுருளும் போய், கண்ணாடிப் பாதைக்கு அடியில் கேமரா. இழைகள் தாமே மஞ்சள் பச்சையில் ஒளிரும் சுண்டெலிகள். வளையங்களைக் கணினி எண்ணுகிறது. தண்டுவடத்தில் வளர்ச்சியைத் தடுக்கும் நோகோ என்ற புரதத்தை 2000இல் கண்டறிந்தார்கள். 2008இல் பிடென் என்ற மரபணுவை நீக்கினால் கண் நரம்பு மீண்டும் வளர்வதைக் கண்டார்கள். ஆனாலும் மனிதனின் அறுந்த தண்டுவடத்தைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அறுந்த கை நரம்புக்கு இன்றும் அறுவை மருத்துவரின் கையில் இருப்பது நுண்ணோக்கியும், தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலும், வளைந்த ஒரு ஊசியும். அந்த ஒரு மில்லிமீட்டரும் அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, அதுவும் பெரிய மாற்றம். மில்லிமீட்டரைக் கூட்ட முடியவில்லை என்றால் தூரத்தைக் குறைக்கலாம் என்று அறுவை மருத்துவர்கள் யோசித்தார்கள். 1994இல் பாரீஸில் கிறிஸ்தோஃப் ஓபர்லின் கழுத்துப் பக்கமே போகவில்லை. புஜத்திலேயே, நன்றாக வேலை செய்யும் அல்னார் நரம்பிலிருந்து ஒரே ஒரு சிறு கற்றையைப் பிரித்து, பக்கத்தில் செத்துக் கிடக்கும் பைசெப்ஸ் கிளையோடு தைத்தார். 250 மில்லிமீட்டர் போக வேண்டிய இழைக்கு இப்போது சில சென்டிமீட்டர் போனால் போதும்.

அதை நான் கண்ணால் பார்த்தது 2019இல். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் இரவில் விழுந்தான். ஆறு வாரம் கழித்துத் துணி வாங்கப் போனபோது வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். இடது கை மடியில் கிடந்தது.

"எலும்பு சேந்துருச்சும்மா. கை மட்டும் தூக்க வரல. போகப்போகச் சரியாயிடும்னு சொல்றாங்க" என்றார் அப்பா.

நான் அங்கேயே அவன் கழுத்தெலும்புக்கு மேலே தட்டினேன். அவன் முகம் சுருங்கியது. துணிப்பையை அங்கேயே வைத்துவிட்டு அவர்களை அன்று மாலையே ஒரு நரம்பறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வேலை போகும், பணம் இல்லை, வயலில் அறுப்பு இருக்கிறது என்று நூறு காரணம் வந்தது. நானும் விடவில்லை, அந்த மருத்துவரும் விடவில்லை. காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. விபத்து நடந்து பத்தாவது வாரம் ஓபர்லின் முறையில் அறுவை நடந்தது.

நான்கரை மாதம் கழித்து ஒரு நாள் வாசல் மணி அடித்தது. அவன் நின்றிருந்தான். "அம்மா, பாருங்க" என்று இடது முஷ்டியை இறுக்கினான். இறுக்கியதும் புஜத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு துடிப்பு எழுந்து அடங்கியது. அல்னார் நரம்பின் பழைய வேலை விரல்களை மடக்குவது, அதனால் ஆரம்பத்தில் முஷ்டி பிடித்தால்தான் முழங்கை மடங்கும். இழை புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டது, மூளை இன்னும் பழைய முகவரியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பயிற்சி செய்யச் செய்ய மூளையும் கற்றுக்கொண்டது. ஓர் ஆண்டில் முஷ்டி பிடிக்காமலே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். காபி கொடுத்தேன். இடது கையால் எடுத்துக் குடித்தான், கடைசி வாய் வரை. நான் நாற்பது ஆண்டு படித்தது அந்த டம்ளருக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். போன சித்திரைக்கு ஊருக்குப் போனபோது தம்பியிடம் காட்டினேன். அவன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான், இடது கையைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு வலது கையால் பொட்டலம் கட்டும் வேகத்தை ஊரே சொல்லும். படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தான்.

"எக்கா, அப்ப எனக்கும் இப்படிச் செஞ்சிருக்கலாமோ?"

"இந்த முறை பத்து வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. ஆனா வேற முறை இருந்துச்சு. நான் உன்னைக் காத்திருக்கச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடைக்கு வந்த பிள்ளைக்குக் கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்தப் பையனுக்கு நல்லா வந்துட்டுல்லா, அது போதும்" என்றான்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ விபத்துக்குப் பிறகு ஒருவருக்குக் கை தொங்கினால், தோள் தூக்க முடியவில்லை என்றால், முழங்கையோ மணிக்கட்டோ மடங்கவில்லை என்றால், எலும்பு சேர்ந்துவிட்டதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நரம்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கண்ணாடியோ அரிவாளோ வெட்டி விரல் மரத்துப்போயிருந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அடிபட்டு ஒரு மாதத்தில் அசைவு திரும்பத் தொடங்கவில்லை என்றால் நரம்பறுவை தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் காட்டியே ஆக வேண்டும். பொறுமையாக இரு, தானே வரும் என்று நான் சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.